லின்ஸின் நான்கு அடையாளங்களும் பாகூரின் காலி நாற்காலியும்

ஹுவான் லின்ஸ் (1926–2013) என்ற பெயரை, அரசியல் அறிவியல் முதுகலை படிக்கும் மாணவி தேர்வுக்காகவாவது ஒருமுறை மனப்பாடம் செய்திருப்பாள். ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, 1950இல் அமெரிக்கா சென்று, முதலில் கொலம்பியாவிலும் பிறகு நீண்ட காலம் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். ஸ்பெயினின் ஃபிராங்கோ ஆட்சியைப் பற்றி 1964இல் அவர் எழுதிய கட்டுரையும், அதை விரித்து 1975இல் எழுதிய ஆய்வும்தான் எதேச்சதிகார ஆட்சிமுறை என்ற பாடத்துக்கு இன்றும் அடிப்படை. அந்தப் பாடத்தைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருந்துகொண்டு, பெண்களின் பக்கம் நின்று வாசித்தால் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் சொல்லைப் பற்றி. தமிழில் எல்லா மோசமான ஆட்சிகளுக்கும் 'சர்வாதிகாரம்' என்ற ஒரே சொல்லைத்தான் எடுக்கிறோம். ஹிட்லரும் சர்வாதிகாரி, ஃபிராங்கோவும் சர்வாதிகாரி, வீட்டில் அதட்டும் மாமனாரும் சர்வாதிகாரி. 1951இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படத்துக்கே அதுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அரண்மனையில் சூழ்ச்சி செய்யும் ஓர் ஆண்தான் நம் கண்ணுக்குள் வருகிறான். லின்ஸின் முக்கியமான பங்களிப்பு, இந்த ஒரே சொல்லை இரண்டாகப் பிரித்ததுதான். மக்களின் மூளை, வீடு, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரு சித்தாந்தத்தின் கீழ் கொண்டுவரும் ஆட்சி ஒன்று. மக்கள் வாயை மூடிக்கொண்டு தம் வேலையைப் பார்த்தால் போதும் என்று நினைக்கும் ஆட்சி இன்னொன்று. முதலாவதைச் சர்வாதிகாரம் என்றும், இரண்டாவதை எதேச்சதிகாரம் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். இந்த இரண்டாவது வகை, ஜனநாயகத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் நடுவே தற்காலிகமாகத் தங்கும் இடம் இல்லை, தனக்கென்று இயல்புகள் கொண்ட தனி வகை என்று காட்டியவர் லின்ஸ்.

அதற்கு அவர் நான்கு அடையாளங்களைச் சொன்னார். ஒன்று, பன்மை கொஞ்சம் இருக்கும். ராணுவம், திருச்சபை, முதலாளிகள், அதிகாரிகள் என்று பல குழுக்கள் இயங்கும். ஆனால் அவை மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை அல்ல. இரண்டு, விரிவான சித்தாந்தம் இருக்காது. ஒழுங்கு, குடும்பம், மரபு, வளர்ச்சி என்று ஒரு மனப்போக்கு மட்டும் இருக்கும். மூன்று, மக்களைப் பெரிய அளவில் அணிதிரட்டும் முயற்சி இருக்காது. அவர்கள் ஒதுங்கியிருப்பதே ஆட்சிக்கு வசதி. நான்கு, ஒரு தலைவரோ சிறு குழுவோ அதிகாரம் செலுத்தும். அதன் எல்லை எழுத்தில் தெளிவாக இருக்காது. ஆனால் எங்கே நிற்கும் என்பதைப் பழகியவர்கள் ஊகித்துவிட முடியும்.

இந்த நான்காவது அடையாளம் கூர்மையானது. அலுவலகத்தில் யாரிடம் போனால் வேலை நடக்கும், யாரிடம் போனால் நடக்காது என்று பழகித் தெரிந்துகொண்ட எவருக்கும் அது உடனே புரியும். அதற்காகவே லின்ஸை நாம் விட்டுவிட முடியாது. சிக்கல் மூன்றாவது அடையாளத்தில் இருக்கிறது.

ஃபிராங்கோவின் ஸ்பெயினில் மக்கள் அணிதிரட்டப்படவில்லை என்பது பொதுவாகச் சரியாக இருக்கலாம். ஆனால் அங்கே பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1931இல் பெற்ற வாக்குரிமையை 1933 தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்திய ஸ்பானியப் பெண்கள், உள்நாட்டுப் போருக்குப் பிறகு பழைய குடும்பச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். மணமான பெண் வேலைக்குப் போகவும், வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் கணவனின் அனுமதி வேண்டும். இந்த விதி 1975 மே மாதம்தான் நீக்கப்பட்டது. அதோடு, 1937 முதல் மணமாகாத பெண்கள் ஆறு மாதம் 'சமூக சேவை' செய்ய வேண்டியிருந்தது. அதை முடித்த சான்று இல்லாமல் அரசு வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ போக முடியாது. பாலர் பள்ளி, உணவுக்கூடம், தையற்கூடம் என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். பிலார் ப்ரிமோ தெ ரிவேரா என்ற பெண்ணின் தலைமையில் இயங்கிய பெண்கள் பிரிவு இதை நடத்தியது. ஒரு தலைமுறைப் பெண்களை வரிசையாக நிறுத்தி, பயிற்றுவித்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிய இந்த ஏற்பாட்டுக்கு அணிதிரட்டல் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு?

லின்ஸின் நான்கு அடையாளங்களில் பாலினம் இல்லை. அது மறதியால் நேர்ந்த விடுபடல் என்று எண்ணி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டால் சரியாகாது. அணிதிரட்டல் என்றால் ஊர்வலம், கொடி, கட்சி உறுப்பினர் அட்டை என்று எடுத்துக்கொண்டால் பெண்கள் 'ஒதுங்கியிருப்பவர்கள்' கணக்கில் போய் விழுகிறார்கள். உண்மையில் அவர்கள் ஒதுங்கியிருக்கவில்லை. முடிவெடுக்கும் இடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, வேலை வாங்கும் இடத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். இந்த இரண்டும் ஒருசேர நடப்பதைப் பார்க்கும் கண் லின்ஸின் வகைப்பாட்டில் இல்லை. இந்தக் கண்ணோடுதான் இனி நம் ஊருக்கு வருகிறோம்.

*

புதுச்சேரி எதேச்சதிகார ஆட்சியா? இல்லை. சட்டமன்றத் தேர்தல் நடக்கிறது, ஆளும் கட்சி தோற்கிறது, செய்தித்தாள்கள் வருகின்றன, வழக்குப் போட முடிகிறது. எதையும் சர்வாதிகாரம் என்று கூவிவிடும் பழக்கத்துக்கு எதிராகத்தான் லின்ஸ் எழுதினார். அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். ஆனால் ஒரு நாடு முழுவதும் ஒரே வகையாகத்தான் ஆளப்படும் என்று எண்ணுவதும் தவறு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த கியேர்மோ ஓ'டொனல் 1993இல், ஜனநாயக நாட்டுக்குள்ளேயே சட்டமும் உரிமையும் எட்டாத பகுதிகளை வரைபடத்தில் பழுப்பு நிறம் தீட்டிக் காட்டலாம் என்றார். எட்வர்ட் கிப்சன் 2012இல் வெளியிட்ட நூலில், தேசிய அளவில் ஜனநாயகமும் மாகாண அளவில் எதேச்சதிகாரமும் எப்படி ஒன்றாக வாழ்கின்றன என்று ஆராய்ந்தார். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி சிறியது: வில்லியனூரிலும் பாகூரிலும் எந்தப் படிநிலையில் ஆட்சி மக்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறது?

விடை அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளாட்சி.

இந்த மண்ணுக்கு உள்ளாட்சி புதிதல்ல. பிரெஞ்சு அரசு 1880இல் நகராட்சி முறையைக் கொண்டுவந்தபோது புதுச்சேரிப் பகுதியில் அமைத்த கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் இருந்தன. அது நல்ல ஜனநாயகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாக்காளர்களை இனம் பார்த்துத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்த காலம் அது. தேர்தலில் அடிதடியும் கள்ள ஓட்டும் சாதாரணம். பெண்களுக்கு வாக்கே இல்லை. பிரான்சில் இருந்த பெண்களுக்கே அது 1944இல்தான் கிடைத்தது. ஆனாலும் கொம்யூன் என்ற அமைப்பு ஒரு நாள் வரலாற்றைத் தீர்மானித்தது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். புதுச்சேரி இந்தியாவுக்குள் வந்தது உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாக்கால்தான். கீழூரில் நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள்.

அதன்பின் நடந்ததைத் தேதிகளே சொல்லும். 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கான சட்டம் வந்தது. 1993இல் அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றும், மூன்றில் ஒரு பங்கு இடமும் தலைமைப் பதவியும் பெண்களுக்கு என்றும் விதித்தது. யூனியன் பிரதேசங்களுக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள் கழித்து, 1968இலிருந்து கணக்கிட்டால் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள். பெண்கள் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தலித் பெண்களும் உட்கார்ந்தார்கள். 2011இல் பதவிக்காலம் முடிந்தது. பத்தாண்டுகள் கடந்தும் அடுத்த தேர்தல் வரவில்லை. 2021இல் அட்டவணை வரை வந்து, இட ஒதுக்கீடு தொடர்பான வழக்குகளில் நின்றுபோனது.

இதில் கவனிக்க வேண்டியது, உள்ளாட்சியை யாரும் ஒழிக்கவில்லை என்பது. சட்டம் அப்படியே இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் திறந்திருக்கிறது. வரி வசூலாகிறது, பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது, தெருவிளக்கு எரிகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் இல்லை. அவர்கள் இடத்தில் ஆணையரும் அலுவலர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது: வார்டு மறுவரையறை முடியவில்லை, பிற்படுத்தப்பட்டோர் கணக்கெடுப்பு வேண்டும், தேர்தல் ஆணையரை நியமிப்பது அமைச்சரவையா துணைநிலை ஆளுநரா என்ற தகராறு, நீதிமன்றம். எந்த ஒரு காரணமும் தனியாகப் பார்த்தால் எதேச்சதிகாரம் ஆகாது. எல்லாம் சேர்ந்து விளைவித்தது எதுவோ அதைத்தான் லின்ஸின் முதல் அடையாளம் சொல்கிறது: பல குழுக்கள் இயங்குகின்றன, எதுவும் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. ஒத்திவைத்தல் என்பதே ஓர் ஆட்சிமுறையாக முடியும் என்பதை லின்ஸின் பாடம் நமக்குச் சொல்லித் தரவில்லை. அவர் தேடியது ஆளும் ஒருவரை. இங்கே ஆளுவது ஒரு காலியிடம்.

கிப்சனின் கருத்தையும் இங்கே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அவர் ஆராய்ந்த மாகாணங்களில் உள்ளூர்த் தலைவர்கள் தங்கள் தகராறு தலைநகருக்குப் போய்விடாமல் எல்லையில் காவல் நிற்பார்கள். புதுச்சேரியில் நடப்பது எதிர்மாறு. பாகூர் வாய்க்காலும் வில்லியனூர் குப்பையும்கூட ராஜ்நிவாஸ், உள்துறை அமைச்சகம், உயர் நீதிமன்றம் என்று மேலே மேலே தூக்கிச் செல்லப்படுகின்றன. சண்டை மேலே போனபின், அதைப் பற்றிப் பேச ஊரில் யாருக்கும் இடமில்லை. எந்தப் பெண்ணால் டெல்லிக்கும் சென்னைக்கும் போக முடியும்? பஞ்சாயத்து அலுவலகத்துக்குத்தான் அவளால் நடந்து போக முடியும்.

*

இந்தக் காலியிடம் பெண்ணின் அடுப்படி வரை எப்படி வருகிறது என்பதற்கு அரிசியே சாட்சி.

2018 ஏப்ரலில், அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி மண்ணாடிப்பட்டுக் கிராமங்களைப் பார்வையிட்ட பிறகு ஓர் உத்தரவை அறிவித்தார். திறந்தவெளியில் மலம் கழிப்பதும் குப்பை கொட்டுவதும் ஒழிந்துவிட்டன என்று தொகுதி எம்.எல்.ஏ.வும் கொம்யூன் ஆணையரும் சேர்ந்து சான்று கொடுத்தால்தான் அந்தக் கிராமத்துக்கு இலவச அரிசி என்றது அந்த உத்தரவு. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அன்றே அது நிறுத்திவைக்கப்பட்டது.

ஒரே நாளில் வந்துபோன உத்தரவுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். கழிப்பறை இல்லாததால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பவள் பெண். அரிசி வராவிட்டால் அன்றைய சோற்றுக்கு வழி தேட வேண்டியவளும் அவள்தான். ஒரு குறையைக் காட்டி இன்னொரு தண்டனை, இரண்டும் அவள் தலையில். சான்று கொடுக்க வேண்டியவர்கள் யார்? எம்.எல்.ஏ., ஆணையர். பஞ்சாயத்துத் தலைவி என்று ஒருத்தி இருந்திருந்தால், கழிப்பறை கட்ட இடம் எங்கே, தண்ணீர் எங்கே என்று அவளாவது கேட்டிருப்பாள். அந்தச் சான்றில் அவளுக்கு இடமே இல்லை; ஏனென்றால் அவள் பதவியே இல்லை. லின்ஸின் நான்காவது அடையாளமும் இதில் தெரிகிறது. உத்தரவிடும் அதிகாரத்தின் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூச்சல் எழுந்தால் பின்வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த எல்லை எழுத்தில் தெளிவாக இல்லை என்பதை நீதிமன்றங்களே காட்டின. அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இதற்கிடையில் ரேஷனில் அரிசி கொடுப்பதா, பணம் கொடுப்பதா என்று அமைச்சரவைக்கும் ராஜ்நிவாஸுக்கும் தகராறு. யூனியன் பிரதேச ஆட்சிக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருத்து வேறுபாடு வந்தால் அது ஒன்றிய அரசிடம் போகும். போனது, பணம்தான் என்று முடிவு வந்தது. 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன.

அரிசியா பணமா என்பதில் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்திருக்காது. கடைக்காரர் எடைபோடும் விதத்தில் சலித்தவள் பணம் போதும் என்பாள். கணக்கில் விழுந்த பணம் சாராயக் கடைக்குப் போவதைப் பார்த்தவள் அரிசியே வேண்டும் என்பாள். இரண்டுக்கும் காரணம் உண்டு, இரண்டும் கேட்கப்பட வேண்டியவை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரில், நாற்று நட்டுக் களை பறிக்கும் பெண்ணிடம் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க எந்த ஏற்பாடும் இல்லாமல் போனது. அதிகாரிகள் கூட்டும் கிராம சபையில் அவள் பேசலாம், தீர்மானமும் போடலாம். அதைக் கிடப்பில் போடும் அதிகாரியை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க அவளால் முடியாது. பதில் சொல்லும் கடமை என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் பெண்ணியவாதிகளாகிய நாம் ஒரு சங்கடமான உண்மையைப் பார்த்தாக வேண்டும். 2016 மே முதல் 2021 பிப்ரவரி வரை கிரண் பேடி, அதன்பின் 2024 மார்ச் வரை தமிழிசை சௌந்தரராஜன் என ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ராஜ்நிவாஸில் இருந்தவர்கள் பெண்கள். அதே எட்டு ஆண்டுகளும் வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு பெண்கூட வார்டு உறுப்பினராக இல்லை. உச்சியில் நியமிக்கப்பட்ட ஒரு பெண்ணால், அடியில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய பெண்களின் இடத்தை நிரப்ப முடியாது. ஸ்பெயினில் பிலார் ப்ரிமோ தெ ரிவேராவும் பெண்தான். இரண்டு சூழலும் ஒன்றல்ல. ஆனால் அதிகாரத்தில் எத்தனை பெண்கள் என்று மட்டும் எண்ணினால், எந்தக் கதவு வழியே வந்தார்கள், யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது விடுபட்டுப்போகும்.

நியமனத்தின் இன்னொரு முகத்தையும் பார்க்கலாம். புதுச்சேரிச் சட்டமன்றத்தில் 30 பேர் தேர்தலில் வருகிறார்கள். 3 பேரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். 2017இல் மாநில அரசைக் கேட்காமல் மூவர் நியமிக்கப்பட்டார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 2021இல் மறுபடி மூவர். இரண்டு முறையும் மூவரும் ஆண்கள். 2021 தேர்தலில் வென்ற 30 பேரில் ஒரே ஒருவர்தான் பெண். காரைக்கால் பகுதியின் நெடுங்காடு தனித்தொகுதியிலிருந்து வந்து அமைச்சரான அவர், சந்திர பிரியங்கா, 2023 அக்டோபரில் சாதி, பாலினப் பாகுபாட்டைக் காரணம் காட்டிப் பதவி விலகுவதாக அறிவித்தார். முதல்வர் அவரை முன்பே நீக்கப் பரிந்துரைத்திருந்தார் என்றது அரசுத் தரப்பு. எந்தத் தரப்பை நம்பினாலும், சட்டமன்றத்துக்கு அனுப்பப் பெண்களைத் தயார்செய்யும் முதல் படி கிராமப் பஞ்சாயத்துதான் என்பது மாறாது. அந்தப் படி உடைந்து கிடக்கிறது.

*

'பஞ்சாயத்தில் பெண் வந்தால் மட்டும் என்ன? கையெழுத்து அவள் போடுவாள், ஆட்சி புருஷன் நடத்துவான்' என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்களும் சொல்வார்கள். இதற்குப் பதில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். வயல் ஒன்று, பேச்சு ஒன்று, கொடுக்கல் வாங்கல் ஒன்று. கடலூர் மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரிலும், விழுப்புரத்தில் 2021 அக்டோபரிலும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பாதி இடம் பெண்களுக்கு. அக்காவை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்து, தங்கையை இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தால், அக்காவால் தலைவியாக முடியும், தங்கையால் முடியாது. அங்கே எல்லாம் நன்றாக இருந்ததா? இல்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைப் பஞ்சாயத்தின் தலைவியான தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. நாடே பார்த்தது, வழக்குப் பதிவானது.

அந்தப் படத்திலிருந்து இரண்டு விதமாகப் பாடம் எடுக்கலாம். நாற்காலி கொடுத்தும் உட்கார விடவில்லை, ஆகவே நாற்காலியால் பயனில்லை என்பது ஒன்று. இன்னொன்று: நாற்காலி அவளுடையது என்று சட்டம் சொன்னதால்தான் தரையில் உட்கார வைத்தது குற்றமானது, படமானது, வழக்கானது. நாற்காலியே இல்லாத ஊரில் அவமதிப்பைப் படம்பிடிக்க முடியாது. வில்லியனூரிலும் பாகூரிலும் எந்தத் தலித் பெண்ணும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டதாகச் செய்தி வராது. அதற்குச் சாதி ஒழிந்தது காரணமில்லை. கூட்டமே இல்லாதது காரணம்.

அந்தப் பக்கமும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 வரை உள்ளாட்சி காலியாகத்தான் கிடந்தது. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆக இதைப் புதுச்சேரியின் தனிக்குணம் என்றோ ஒரு கட்சியின் குற்றம் என்றோ சொல்லி முடிக்க முடியாது. எந்தக் கட்சி வந்தாலும் வசதியாகக் கையில் எடுக்கக்கூடிய ஒரு முறையாக இது இருக்கிறது. புதுச்சேரி அதன் நீண்ட உதாரணம், அவ்வளவே.

*

இனி லின்ஸின் மூன்றாவது அடையாளத்துக்குத் திரும்பலாம். மக்கள் ஒதுங்கியிருக்கிறார்கள் என்கிறார் அவர். பாகூர், வில்லியனூர்ப் பெண்கள் ஒதுங்கியா இருக்கிறார்கள்? காலிக் குடத்தோடு சாலையில் உட்காருகிறார்கள். நூறு நாள் வேலைக்கு நாள் குறைந்தால் அலுவலகத்தை முற்றுகையிடுகிறார்கள். சுயஉதவிக்குழுவில் கணக்கெழுதுகிறார்கள், அங்கன்வாடி நடத்துகிறார்கள், அரசு விழா என்றால் வேனில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பந்தலை நிரப்பவும் அவர்களைத்தான் அழைக்கிறார்கள். 2023இல் புதுச்சேரி அரசு, வேறு உதவி பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அந்தப் பணத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. அது மருந்தாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறுகிறது. ஆனால் பயனாளி என்ற பெயரில் அவளை அரசு நன்றாக அறிந்திருக்கிறது. பிரதிநிதி என்ற பெயரில் அவளை அறியவில்லை. ஸ்பெயினில் கண்ட அதே இரட்டை அமைப்பு இது, வன்முறை இல்லாத, வாக்குச்சீட்டும் கூடவே இருக்கிற வடிவத்தில்.

நான்சி பெர்மியோ என்ற அரசியல் அறிவியலாளர் இங்கே நமக்கு உதவுகிறார். ஜனநாயகம் வீழ்வதற்குச் சாதாரண மக்களின் தீவிரமும் மந்தமும் காரணம் என்ற பழைய குற்றச்சாட்டை, 2003இல் வெளியான நூலில் பல நாடுகளின் வரலாற்றை வைத்து அவர் ஆராய்ந்தார். பெரும்பாலும் மக்கள் மாறவில்லை, மேலே இருந்தவர்கள்தான் கைவிட்டார்கள் என்பது அவர் கண்ட முடிவு. 2016இல் எழுதிய கட்டுரையில், வெளிப்படையான ராணுவப் புரட்சிகள் குறைந்து, சட்டத்தின் வழியே படிப்படியாக நிர்வாக அதிகாரம் வீங்குவது பெருகுகிறது என்றார். 'நம்ம ஜனங்களுக்கு அக்கறையில்லை' என்று உள்ளாட்சித் தேர்தல் நடக்காததற்குச் சொல்லப்படும் விளக்கத்தை பெர்மியோவைப் படித்த மாணவி ஏற்க மாட்டாள்.

லின்ஸ் தமிழரை அறியாதவர் அல்லர். ஆல்ஃபிரட் ஸ்டெபன், யோகேந்திர யாதவ் இருவரோடும் சேர்ந்து 2011இல் அவர் வெளியிட்ட நூலில், இந்தியத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் ஒப்பிட்டு, பன்மையை ஏற்ற அரசு எப்படிப் பிழைத்தது, ஏற்காத அரசு எப்படிப் போரில் விழுந்தது என்று காட்டுகிறார்கள். மதிக்க வேண்டிய ஆய்வு. ஆனால் அந்த வாதத்துக்குள் தமிழர் மொழியால் ஒன்றான ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் யார் பேசுகிறார், யாருக்குப் பேச இடம் தரப்படுகிறது என்ற கேள்விக்கு அங்கே தேவை எழவில்லை. நமக்கு எழுகிறது.

வகுப்பறைக்கு இதனால் என்ன? எதேச்சதிகாரப் பாடத்தை ஸ்பெயின், சிலி, வட கொரியா என்று தொலைதூரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிட்டால், அது நமக்கு நேராது என்ற நிம்மதிதான் மாணவிகளுக்கு மிஞ்சும். லின்ஸின் நான்கு அடையாளங்களையும் படிக்கட்டும். கூடவே ஒவ்வொருத்தியும் தன் கொம்யூனுக்குப் போய் மூன்று விஷயங்களைத் தேடி எழுதட்டும். என் தெருவைப் பற்றிக் கடைசியாக முடிவெடுத்தவர் யார், அவரை யார் அந்த இடத்தில் வைத்தார்கள்? 2006இல் தேர்வான பெண்கள் அந்த ஐந்தாண்டில் என்ன செய்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பெண்களை அரசு எந்தெந்த வேலைக்குக் கூப்பிடுகிறது, எந்த முடிவுக்குக் கூப்பிடுவதில்லை? இரண்டாவது கேள்வி அவசரமானது. அந்தப் பெண்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கற்ற நிர்வாகம் எந்த நூலிலும் இல்லை.

2023இல் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் அதே ஆண்டு தனிச் சட்டத்தால் அது நீட்டிக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். மறுவரையறை என்ற அந்தச் சொல்லை வில்லியனூரும் பாகூரும் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அந்தச் சட்டத்தைக் கொண்டாடும்போது, எந்தத் தேதிக்குள் என்று கேட்க வேண்டும் என்பதை மற்ற ஊர்ப் பெண்கள் இந்த இரு கொம்யூன்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.